கூரை மேல் ஒரு நீலக் கோடு

“ஆறு தூணிலயும் நாலு நாலு அங்குலம். மூணு டேப்பு வச்சு அளந்து வெட்டினேன் மேஸ்திரி. ஆனாலும் உட்கார மாட்டேங்குது.”

மரகதம் சொன்னது தன் காரின் கூரையைப் பற்றி.

வண்டி இருதயம் மேஸ்திரியின் பட்டறையில்தான் நின்றது. அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

பழைய அம்பாசிடர். கூரையைத் தாங்கும் தூண்களில் நாலு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, கூரையை மறுபடி இறக்கி ஒட்டினால் வண்டி பதுங்கி உட்கார்ந்த புலி மாதிரி ஆகிவிடும். பழைய கார்களை வெட்டி ஒட்டி வேறு உருவம் செய்கிற பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் இந்த ஆசை வரும். மரகதத்துக்கும் வந்தது. வெட்டியும் விட்டாள்.

இறக்கி வைத்தால், பின்னால் பொருந்தியது, முன்னால் பொருந்தவில்லை. முன்னால் பொருத்தினால் பின்னால் விலகியது. தூண்கள் உள்பக்கம் சாய்ந்து நிற்பவை என்பதால், மேலே இருக்கிற தூண் ஒரு பக்கம், கீழே இருக்கிற தூண் ஒரு பக்கம். நடுவில் மூன்று விரல் நுழையும்.

“ஒரு வார்த்தை சொல்லுங்க மேஸ்திரி. நீங்க கையத்தான் வைக்கக் கூடாது. வாயைத் திறக்கலாம்ல?”

கை வைக்கக் கூடாது என்பது இப்படி வண்டி கட்டுகிறவர்களின் சங்கச் சட்டம்.

கோயமுத்தூருக்கு வெளியே ஒரு கார்ப் பந்தயப் பாதை இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர்கள் தாங்கள் செய்த வண்டிகளை அங்கே ஓட்டுவார்கள். சொந்தக் கையால் உடம்பு கட்டிய வண்டிதான் பாதையில் ஓடலாம். தகட்டில் வேறொருவர் கை பட்டிருந்தால் அந்த வண்டி வேலி ஓரம் நிற்கும். யார் வேண்டுமானாலும் பார்த்துவிட்டுப் போகலாம்.

மரகதத்துக்கு நாற்பத்தாறு வயது. ஆறாவது வரைக்கும்தான் படிப்பு. உக்கடத்தில் கார் சீட்டு தைக்கிற கடை வைத்திருந்தாள். பாதையில் ஓடுகிற வண்டிகளில் முக்கால்வாசிக்கு அவள்தான் சீட்டு தைத்தவள். பத்தொன்பது வருஷமாக அவள் தையல் மேல் மற்றவர்கள் உட்கார்ந்து ஓட்டினார்கள். அவள் வேலி ஓரம் நின்று பார்த்தாள்.

இந்த வருஷம் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வண்டி பாதையில் ஏறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். இன்னும் பத்தே நாள்.

சங்கச் செயலாளர் போன வாரம் வந்து பார்த்துவிட்டு, கூரை இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை, குடை பிடித்துக்கொண்டு ஓட்டலாம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருதயம் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். தகடு வளைப்பதில் அவரை விட்டால் ஆள் கிடையாது. பேச்சுதான் வராது. இரண்டு வருஷம் முன்னால் வேலை கற்றுக்கொடுங்கள் என்று அவள் போய் நின்றபோது, நசுங்கின மட்கார்டு ஒன்றையும் சுத்தியலையும் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான் பாடம். அதை நேராக்க அவளுக்கு ஐந்து வாரம் ஆனது.

இப்போது அவர் கையை நீட்டினார்.

“துணியில கோடு போடுவீங்களே, அந்த சாக்கைக் குடுங்கக்கா.”

கொடுத்தாள்.

கூரையின் நட்டநடுவில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும், குறுக்கே ஒரு நீலக் கோடு போட்டார்.

“இங்க வெட்டுங்க.”

டீ குடிக்கப் போய்விட்டார்.

மரகதம் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூரை போதவில்லை என்று அழுகிறவளிடம், அதை இரண்டாக வெட்டு என்கிறார். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ. பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று அவரும் நினைக்கிறாரோ. கோடு போட்டது கை வைத்ததாக ஆகிவிடுமோ என்ற கவலை வேறு.

ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தாள்.

மறுநாள் காலையில் வந்தால், அதே இடத்தில் கோடு இருந்தது.

துடைத்தாள்.

அதற்கு மறுநாளும் இருந்தது. இந்த முறை துடைக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சங்கிலியை எடுத்தாள்.

கூரையின் முன்விளிம்பில் சங்கிலியை மாட்டி, மறுமுனையைப் பட்டறைத் தூணில் கட்டி, இழுத்தாள். பின்னால் ஜாக்கி கொடுத்து நெம்பினாள். தகடு முனகியது. விரல் விரலாகக் கிட்டே வந்தது. தூணும் தூணும் தொட்ட உடனே வெல்டிங்கில் பற்றவைத்தாள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. சங்கிலியை அவிழ்த்தாள்.

கூரை நின்றது.

மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். இருதயம் வாசலில் நின்றிருந்தார். கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

டங்கென்று ஒரு பக்கம் பற்றவைத்தது விட்டது. அடுத்ததும் விட்டது. கூரை துள்ளிப் பழைய இடத்துக்கே போய் விழுந்தது. முன்விளிம்பில் அழகாக இருந்த வளைவு கோணிக்கொண்டது.

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். உள்ளே போனார்.

அதைத் தட்டி நேராக்கவே இரண்டு நாள் போயிற்று. மிச்சம் ஐந்து நாள்.

கடையைத் திறக்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்? அன்று மதியம் போய்த் திறந்தாள். ஒரு வேன் டிரைவர் காத்திருந்தான். எங்கேயோ தைத்த சீட்டு உறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அவன் சீட்டுக்கு அது முக்கால் சாண் போதவில்லை. இழுத்துப் பிடித்து மாட்டி அடித்துக் கொடுத்துவிடுங்கள், சவாரிக்குப் போக வேண்டும் என்றான்.

மரகதத்துக்குக் கோபம் வந்தது. இந்தப் பேச்சைப் பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறாள்.

“இழுத்து மாட்டுனா நாலே நாள்ல தையல் தெறிச்சுடும் தம்பி. போதலைன்னா இழுக்கிறதா? நடுவுல வெட்டணும். வெட்டி, உள்ளே ஒரு பட்டை குடுக்கணும். அப்பத்தான்…”

நின்றாள்.

“அப்பத்தான்?” என்றான் டிரைவர்.

அவள் கடையில் இல்லை. பட்டறைக்கு ஓடிவிட்டாள்.

கூரை மேல் கோடு இருந்தது. கிரைண்டரை எடுத்தாள். கோட்டின் மேல் வைத்தாள். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் தீப்பொறி பறந்தது. கூரை இரண்டானது.

முன்பாதியை முன்னால் தள்ளினாள். தூணின் மேல் டப்பா மூடி மாதிரி உட்கார்ந்தது.

பின்பாதியைப் பின்னால் தள்ளினாள். உட்கார்ந்தது.

நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வானம் தெரிந்தது.

மரகதம் தனியாக நின்று சிரித்தாள். அப்புறம் ஒரு தகட்டுப் பட்டையை அளந்து வெட்டி அதில் வைத்தாள்.

அடுத்து, சூடு. ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதை யாரிடமும் கேட்கவில்லை. வழுக்குகிற துணியை எப்படி முதலில் அங்கங்கே பிடித்து நிறுத்துவாளோ அப்படிச் செய்தாள். இந்த ஓரத்தில் ஒரு பொட்டு. அது ஆறும்வரை அந்த ஓரத்தில் ஒரு பொட்டு. நடுவில் ஒன்று. நாலு நாள் பொட்டு பொட்டாக வைத்து, தேய்த்து, தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்து, கடைசியில் கறுப்பு அடித்தாள்.

இருதயம் தினமும் வந்து பார்த்தார். இரண்டாம் நாளிலிருந்து, டீ குடிக்கப் போனவர் திரும்பி வரும்போது அவளுக்கும் ஒரு கிளாஸ் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாதைக்கு வெளியே பதினான்கு வண்டிகள் நின்றன. வாசலில் கயிறு கட்டியிருந்தது. சங்கத் தலைவர் அர்த்தநாரி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கையில் துணி சுற்றின ஒரு காந்தம். கூட்டத்துக்கே அந்தக் காந்தத்தைக் கண்டால் பயம். ஒட்டு கோணலாகிவிட்டால் பெயின்டுக்கு முன்னால் பூசுகிற பட்டியை மேலே அப்பி மறைத்துவிடலாம், கண்ணுக்குத் தெரியாது. பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்காது. விழும். விழுந்தால் வேலி ஓரம்.

மூன்றாவது வண்டியில் விழுந்தது. அந்த ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அர்த்தநாரி மரகதத்தின் வண்டிக்கு வந்தார். நல்ல கறுப்பு. முன்கண்ணாடி ஒரு சாண் உயரம்தான். அவர் காந்தத்தைக் கூரையின் முன்விளிம்பில் வைத்து மெதுவாகப் பின்னால் இழுத்தார்.

மரகதம் காந்தத்தின் கூடவே நடந்தாள்.

நடுவில் நிறுத்தினார். திரும்பக் கொண்டுபோனார். மறுபடி இழுத்தார். அடியில் கையை ஏந்திக்கொண்டு, கூரையின் சரிவில் காந்தத்தை விட்டுவிட்டார்.

காந்தம் அப்படியே இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் இரண்டு தடவை.

“ஏம்மா, ஒட்டு எங்கே?”

“நீங்கதாங்க சொல்லணும்.”

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். செயலாளர் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. முதல் வண்டியாக எதை விடுவது என்று கேட்டான். அர்த்தநாரி வாசலுக்குப் போய், தன் கையாலேயே அவள் வண்டிக்குக் கயிற்றை அவிழ்த்தார்.

மரகதம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். இன்ஜின் உறுமியது. வண்டி வயிறு தரையில் உரசுகிற மாதிரி பாதையில் இறங்கியது. அந்த ஒரு சாண் கண்ணாடியில் பாதை மட்டும்தான் தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. அழுத்தினாள். வேலி ஓரம் நின்ற முகங்கள் ஒரே கோடாக ஓடின. அவளுக்குப் பின்னால் மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அத்தனையும் அவளுக்குப் பின்னால்.

மூன்று சுற்று முடித்து நிறுத்தினாள். ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு ஏதோ கேட்டார்கள். அவள் இருதயத்தைத் தேடினாள்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“வண்டி எப்படி மேஸ்திரி? நீங்க ஒண்ணுமே சொல்லலியே.”

இருதயம் இடது பக்கக் கதவைத் திறந்தார். கூரை நாலு அங்குலம் தாழ்வு. நிமிர்ந்தபடி ஏற வழியில்லை. நன்றாகத் தலை குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“இன்னொரு சுத்து போங்கக்கா.”