முதல் குத்து யாருக்கு?

நெடுங்குளத்து ராஜா புலியை ஈட்டியால் குத்தியவர். அவரை ஊசியால் குத்த மட்டும் யாராலும் முடியவில்லை.

அடுத்த ஊர் வரை பெரியம்மை வந்துவிட்டது. பசு அம்மைக் கொப்புளத்தின் பாலைத் தோளில் குத்திக்கொண்டால் தப்பலாம் என்றார் வைத்தியர். எல்லாரும் குத்திக்கொள்ள வேண்டுமென்று ராஜா உத்தரவு போட்டார். "மாட்டுச் சீழா? நம் உடம்பிலா?" என்று ஊர் முகம் சுளித்தது. ஒருவரும் வரவில்லை. ராஜாவின் நான்கு வயது மகள் செண்பகவல்லிக்கும் குத்தவில்லை. "குழந்தைக்கு வலிக்கும், பார்க்கலாம்" என்று ராஜா நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

சபையில் வேடிக்கையாகப் பேசுகிற மாசிலாமணியை அழைத்தார். மாசிலாமணியின் முகமெங்கும் அம்மைத் தழும்பு. ஒரே மகளை அந்த நோய்க்குக் கொடுத்தவர்.

"பத்து நாளில் ஊர் முழுக்கக் குத்தியாக வேண்டும், ஓய். சவுக்கு கூடாது, பரிசும் கூடாது. முடியாவிட்டால் மூட்டையைக் கட்டும்."

மறுநாள் மாசிலாமணி முரசு அறையச் செய்தார். "தேர் வடம் பிடிக்கும் வரிசைப்படிதான் அம்மை குத்தப்படும். முதல் குத்து அரண்மனைக்கு. அது முடிந்துவிட்டது. வரிசை தவறி வருகிறவர் திருப்பி அனுப்பப்படுவார்."

உச்சிப்பொழுதுக்குள் மேலத்தெரு மிராசுதார் வந்துவிட்டார். "அரண்மனைக்கு அடுத்தது நாங்கள்தானே?"

பின்னாலேயே கடைத்தெருப் பெரியவர். "போன தேரிலேயே அது தகராறு. கையை மடக்கும் ஐயா."

"என் தோள் திறந்தாயிற்று."

"மூடும். நான் திறக்கிறேன்."

வைத்தியர் இரண்டு கையிலும் ஊசி பிடித்து, இருவரையும் ஒரே நேரத்தில் குத்தினார். அஸ்தமனத்துக்குள் குயவர் தெருப் பெண்கள் வந்து, எங்களைக் கடைசியில் தள்ள நாங்கள் என்ன குறைந்துவிட்டோம் என்று கேட்டார்கள். ஆறாம் நாள் ஒருவன் இரண்டாம் முறை வந்து பிடிபட்டான். மாமனார் தெரு வரிசையிலும் தனக்கு உரிமை உண்டு என்றான்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"உயிருக்குப் பயந்து ஒருவனாவது வந்தானா, ஓய்?"

"இல்லை மகாராஜா. பயந்தவர் ஒருவர்தான். அவர் வரவே இல்லை."

சிரிப்பு நின்றது.

"முதல் குத்து முடிந்ததென்று ஊருக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் தேர். மேலாடை இல்லாமல் வடத்தைத் தொடுவீர்கள். எல்லாக் கண்ணும் உங்கள் இடது தோளில் தழும்பைத் தேடும்."

ராஜா வைத்தியரை வரவழைத்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளை நீட்டினார்.

"வலிக்கிறதா அப்பா?"

"இல்லையம்மா" என்றார் பல்லைக் கடித்தபடி.

"அப்படியென்றால் எனக்கும்" என்று செண்பகவல்லி கையை நீட்டினாள்.

ராஜா தன் சால்வையை எடுத்து மாசிலாமணிக்குப் போர்த்தினார். "மானத்துக்காகக் குத்திக்கொண்டோம். என்னையும் சேர்த்து ஊரே முட்டாள்கள்தான், இல்லையா?"

"ஆமாம் மகாராஜா."

"வைத்தியர் அப்போதும் இருந்தாரே. உம்முடைய மகளுக்கு ஏன் குத்தவில்லை?"

மாசிலாமணி சால்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் புத்திசாலி, மகாராஜா. யோசித்துக்கொண்டிருந்தேன்."