சனிக்கிழமைச் சூறாவளி

செலின் டாக்டர் சீட்டாடுவதை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், கணினிதான் பழுதாகிவிட்டது என்று நினைப்பார்கள். திரையில் இரண்டு சீட்டு வரும். பார்ப்பார். சீட்டை விட்டுவிடுவதற்கான 'ஃபோல்டு' என்ற பொத்தானை அமுக்குவார். சீட்டு போய்விடும். அடுத்த இரண்டு வரும். அதுவும் போய்விடும். வலது கை மவுஸின் மேல் இருக்கும், முகம் கோயில் சிலை மாதிரி இருக்கும்.

அது இணையத்தில் நடக்கும் ஒரு போக்கர் மன்றம். சனிக்கிழமை மதியங்களில் கூடும். காசு கிடையாது, காசுக்குப் பதிலாகத் திரையில் தெரியும் வெற்று வில்லைகளான சிப்ஸ்தான். ஆனால் ஆடுகிறவர்களின் ரோஷம் மட்டும் அசல்.

டாக்டருக்குப் புதுச்சேரியில் பல் மருத்துவமனை. இடது கையால் வலிக்காமல் பல் பிடுங்குவதில் ஊரில் பெயர் எடுத்தவர். சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்திவிட்டு ஆட உட்காருவார். நோயாளிகள் சாய்கிற நாற்காலியில் அவருடைய சீடர் உட்கார்ந்திருப்பார்.

சீடர் பெயர் அழகேசன். வக்கீல். குருவைவிட இருபது வயது மூத்தவர். அதில் அவருக்கு வெட்கமில்லை. சீட்டில் பட்ட வெட்கமே போதுமானதாக இருந்தது.

மன்றத்தைத் தொடங்கியவர் தனக்குத் தானே 'சூறாவளி' என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒருவர். என்ன சீட்டு வந்தாலும் பாய்வார். "வக்கீலுக்கு வாய் மட்டும்தான், தைரியம் கிடையாது" என்று திரையின் ஓரத்தில் எழுதுவார். உடனே அழகேசனுக்கு ரத்தம் தலைக்கேறும். உருப்படாத சீட்டை வைத்துக்கொண்டு இருக்கிற சிப்ஸையெல்லாம் தள்ளிவிட்டு வெளியேறுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து.

கடைசியில் டாக்டரிடம் வந்து, சொல்லிக்கொடுங்கள் என்று நின்றார்.

"பக்கத்துல உக்காந்து பாருங்க. ஆனா பேசக்கூடாது" என்றார் டாக்டர்.

வக்கீலுக்கு இதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது சுலபம். இருந்தாலும் ஒப்புக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் விஷயம் முற்றியிருந்தது. வந்த சீட்டையெல்லாம் விட்டுக்கொண்டே இருப்பவர்களை மன்றத்திலிருந்து நீக்க ஒரு விதி கொண்டுவரப் போவதாகச் சூறாவளி அறிவித்திருந்தார். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் பார்க்க எழுதினார்: "டாக்டர், இன்னிக்கு எனக்கு முன்னாடி நீங்க வெளிய போனா, அப்படியே போயிடணும். சீடரையும் கூட்டிட்டுப் போயிடணும். நான் முதல்ல போனா விதியை வாபஸ் வாங்கிக்கறேன்."

டாக்டர் "சரி" என்று எழுதினார். அதற்குமேல் ஒரு எழுத்து இல்லை.

ஆட்டம் நடந்தது. டாக்டர் விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். சீட்டை விட்டாலும் முறை வரும்போது கட்டாயமாகக் கொஞ்சம் சிப்ஸ் வைத்தாக வேண்டும். அதுவே அரித்து அரித்து அவருடைய குவியல் பாதியாகிவிட்டது.

அப்போது ஒரு ஏஸும் ஒரு பத்தும் வந்தன. வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே சூறாவளி எல்லா சிப்ஸையும் நடுவில் தள்ளி, "வாங்க டாக்டர், வந்து பல்லைப் பிடுங்குங்க!" என்று எழுதினார்.

டாக்டர் யோசித்தார். நேரம் காட்டும் பச்சைக்கோடு தேய்ந்துகொண்டே வந்தது. ஃபோல்டு.

வேறொருவர் துணிந்து மோதினார். சூறாவளி காட்டியது ஒன்றுக்கும் உதவாத ஏழும் இரண்டும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழும் ஐந்து சீட்டில் ஓர் ஏழு விழுந்து, ஜோடி சேர்ந்து அவரே ஜெயித்தார். கூடவே ஒரு பத்தும் விழுந்திருந்தது.

"அய்யய்யோ!" வக்கீல் தொடையில் அடித்துக்கொண்டார். "பத்து விழுந்துடுச்சே டாக்டரம்மா! வச்சிருந்தா நாமதான் ஜெயிச்சிருப்போம்!"

"பேசக்கூடாதுன்னு சொன்னேனே சார்."

"எப்படிப் பேசாம இருக்கறது? கோழைன்னு எழுதறான், பாருங்க."

"எழுதட்டும். எழுதறது அவர் இஷ்டம். எந்தச் சீட்டுக்கு இறங்கணும்ங்கறது என் இஷ்டம்."

கொஞ்ச நேரத்தில் இரண்டு கிங் வந்தது. டாக்டர் முதல் தடவையாகச் சிப்ஸை முன்னால் நகர்த்தினார்.

"பாறை நகருது, ஓடுங்க!" என்று யாரோ எழுதினார்கள். எல்லோரும் சீட்டை விட்டார்கள். சூறாவளியும் விட்டார். டாக்டருக்குக் கிடைத்தது நடுவில் கிடந்த சில்லறை சிப்ஸ் மட்டும்.

வக்கீலுக்கு அழுகையே வந்துவிட்டது. "இதுல என்ன லாபம் டாக்டரம்மா? நீங்க நகர்ந்தாலே நல்ல சீட்டுன்னு ஊருக்கே தெரியுது. ஒருத்தனும் வரலையே!"

"சூறாவளியும் ஓடினாரா?"

"ஓடினான்."

"அது அவருக்குப் பிடிக்காது" என்றார் டாக்டர்.

பிடிக்கவில்லைதான். "அண்ணே, நீங்களுமா ஓடினீங்க?" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு எழுதிவிட்டார். அதன்பிறகு சூறாவளிக்குத் தலைகால் புரியவில்லை. கண்ட சீட்டுக்கெல்லாம் பாய்ந்தார். டாக்டர் விட்டுக்கொண்டிருக்க, அவர் மற்றவர்களிடம் சிப்ஸைக் கொட்டினார். அவருடைய குவியல் டாக்டருடையதைவிடச் சின்னதாகிவிட்டது.

டாக்டருக்கு இரண்டு ஏஸ் வந்தது. நகர்த்தினார்.

இந்த முறையும் எல்லோரும் ஓடினார்கள். ஓடவேண்டிய சூறாவளி ஓடவில்லை. "இன்னொரு தடவை உங்களுக்குப் பயப்படுவேன்னு நெனச்சீங்களா?" என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் தள்ளினார். டாக்டர் ஏற்றுக்கொண்டார்.

சூறாவளியிடம் இருந்தது ஜாக்கும் எட்டும். நடுவில் ஒரு ஜாக் விழுந்தது. வக்கீல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். இன்னொரு ஜாக்கோ எட்டோ விழுந்தால் டாக்டரின் கதை அநேகமாக முடிந்தது. அடுத்து விழுந்தது ஒரு மூன்று. கடைசியாக ஒரு ராணி.

சூறாவளியின் பெயர் மேசையிலிருந்து மறைந்தது. ஓரத்தில் எழுத்து மட்டும் வந்தது. "நீங்க எங்க விளையாடினீங்க? ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீங்க." சற்று நேரம் கழித்து இன்னொரு வரி. "விதி வாபஸ்."

வக்கீல் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தார். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்ன எழுதினாலும் அசையலையே! இந்த நிதானம் உங்களுக்குப் பிறவியிலேயே வந்தது டாக்டரம்மா. எனக்கெல்லாம் இது வராது. எவனாவது ஒரு வார்த்தை சொன்னா எனக்குக் கை துடிக்குது."

டாக்டர் லேசாக எழுந்து, தொடைக்கு அடியிலிருந்து இடது கையை உருவி எடுத்தார்.

கை சிவந்து கன்றிப்போயிருந்தது. நாற்காலியின் தையல் உள்ளங்கையில் வரிவரியாகப் பதிந்திருந்தது. மரத்துப்போன விரல்களை அவர் மெதுவாக மடக்கி நீட்டினார்.

வக்கீல் பார்த்துக்கொண்டே நின்றார். தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கை அது. மருந்துச் சீட்டு எழுதும் கை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அதை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"அந்த ஏஸுக்கும் பத்துக்கும் இதுதான் முதல்ல கிளம்புச்சு" என்றார் டாக்டர். "கோழைன்னு எழுதினப்பவும் இதுதான்."

"இது மேலயா இவ்வளவு நேரமும் உக்காந்திருந்தீங்க?"

"ஆமா சார்."

திரையில் புதிதாக இரண்டு சீட்டு வந்தது. டாக்டர் இடது கையைத் திரும்பவும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தார்.

"இன்னுமா?" என்றார் வக்கீல். "சூறாவளியைத்தான் அனுப்பியாச்சே!"

டாக்டர் வலது கையால் ஃபோல்டு பொத்தானை அமுக்கினார்.

"அவர் சனிக்கிழமைதான் வர்றார் சார். இது தினமும் வருது."