தானாகப் போவதை எடுத்துவிடு

பூவரசம்பாளையத்தில் மூளை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போனால் ஆட்டுத்தலையோடு சேர்த்துத் தருவார்கள். மற்ற நாளில், மற்ற தலைகளில் தேடினால் ஏமாற்றம்தான்.

அந்த ஊரில் வீரபாகு என்று ஒருவன் இருந்தான். நெல் மில்லில் மிஷின் ஓட்டும் வேலை, கெட்ட பழக்கம் கிடையாது, முகம் நிறையப் பரு. பெண் வீட்டுக்குப் போன இவன் போட்டோ எல்லாம், போன பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிடும். பார்த்துப் பார்த்து வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக ஆலவிளாம்பட்டி பொன்னுரங்கத்தின் மகள் செண்பகவல்லிக்கு ஜாதகம் பொருந்தி வந்தது. இதுவும் தட்டிப்போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று தரகர் கைகழுவிவிட்டார். பாவம், வீரபாகுவுக்குச் சோறு இறங்கவில்லை.

பொன்னுரங்கம் ஏற்கெனவே சூடுபட்ட பூனை. முன்பு ஒரு மாப்பிள்ளை போட்டோவில் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தானாம். நேரில் வந்தவனை அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவன் என்று நினைத்துக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்: "முகம் பளிச்சுன்னு இருக்கட்டும், வேணாங்கல. ஆனா ஆளு இயற்கையா இருக்கணும். பூச்சு வேலை செஞ்ச படம் வந்தா கிழிச்சு அடுப்புல போட்டுடுவேன்."

வீரபாகு நேராக மாசிலாமணி ஸ்டூடியோவுக்குப் போனான். வேறு எங்கே போவான்? ஊரில் இருப்பதே அது ஒன்றுதான். அங்கே முதலாளி மாசிலாமணி, அவன் மச்சான் சடையப்பன், பங்காளி பரமு, ஒரு கம்ப்யூட்டர். இந்த நால்வரில் யோசிக்கத் தெரிந்தது கம்ப்யூட்டர் மட்டும். அதையும் சூடாகிவிடும் என்று அடிக்கடி அணைத்து வைப்பார்கள்.

"பருவை எடுத்துடணும்ணே. ஆனா இயற்கையா இருக்கணும்" என்றான் வீரபாகு.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டான். அவன் கோயம்புத்தூருக்குப் போய்ப் போட்டோ திருத்தும் வகுப்பில் உட்கார்ந்தவன். அங்கே வாத்தியார் சொன்னது தங்கமான பேச்சு: கொஞ்ச நாளில் தானாகப் போகிறதை எடுத்துவிடு, என்றைக்கும் இருக்கிறதைத் தொடாதே, படம் இயற்கையாக இருக்கும். உலகத்தில் நல்ல புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை. அது போய்ச் சேருகிற இடம்தான் சரியில்லை.

நீலத் திரை முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள்.

"முதல்ல பரு. இது எப்ப வந்தது?" என்று கேட்டான் மாசிலாமணி.

"பத்தாவது படிக்கிறப்போ வந்துதுண்ணே. ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துடும்."

"அப்படின்னா அது போகவே இல்ல. பட்டா போட்டுக் குடியிருக்கு. தொடக்கூடாது."

"அதை எடுக்கத்தானேண்ணே வந்தேன்?"

"எடுத்தா இயற்கை கெட்டுடும். பொண்ணோட அப்பா கிழிச்சுப் போடுவாரு. பரவாயில்லையா?"

கிழிபடுவதைவிடப் பரு மேல் என்று வீரபாகு ஒத்துக்கொண்டான்.

"சட்டை யாரோடது?" என்றான் சடையப்பன்.

"தங்கச்சி மாப்பிள்ளையோடது. சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். போகிற பொருள். சட்டை போனது. மீசைக் கறுப்பு மை என்று தெரிந்தது. அதுவும் போய், நரை வந்தது.

"இந்தச் சிரிப்பு?" என்றான் பரமு.

"அண்ணன்தான் சிரிக்கச் சொன்னாரு."

"இப்ப சிரிக்கிறீங்களா?"

"எங்கேருந்து சிரிப்பு வரும்?"

"பாத்தியா மச்சான், அதுக்குள்ள போயிடுச்சு" என்றான் சடையப்பன். சிரிப்பை எடுத்தார்கள். அப்பாவுக்கு வழுக்கை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, எப்படியும் போகப் போவதுதானே என்று முடியையும் எடுத்தார்கள்.

வேலை முடிந்ததும் வீரபாகுவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வெற்றுடம்பு, மொட்டைத் தலை, நரைத்த மீசை, உம்மென்ற முகம், அது நிறையப் பரு. பார்த்ததும் அவன் கண் கலங்கியது.

"அப்படியே எங்க அப்பா" என்றான்.

"அப்பா இப்ப எங்க இருக்காரு?"

"போய்ச் சேந்துட்டாரு."

"தாத்தா?"

"அவரும்தான்."

மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்தான். முகம் வாடிப்போயிற்று. "உங்க வம்சத்துல யாருமே நிலைச்சு இருந்ததில்ல போலிருக்கே" என்றான் மெதுவாக.

"எங்க வம்சத்துலயும் அப்படித்தான்" என்றான் பரமு. அதை அவன் அன்றைக்குத்தான் கவனித்தானாம்.

பிறகு தொழில் தர்மப்படி படத்திலிருந்து வீரபாகுவையும் எடுத்துவிட்டார்கள்.

"பரு?" என்று கேட்டான் சடையப்பன்.

"அதைத் தொடக்கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணியாச்சு. சொன்ன சொல் மாறக்கூடாது."

ஆக, பெரிய சைஸில் பிரிண்ட் போட்டார்கள். நீலத் திரை, நடுவில் அந்தரத்தில் பரு. வீரபாகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ குறைவதுபோலத்தான் அவனுக்கும் பட்டது. ஆனால் படித்தவர்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த வேலையில் குற்றம் சொல்ல நாம் யார் என்று தபாலில் சேர்த்துவிட்டான். இப்படிப்பட்டவன் தலையில் மிளகாய் அரைக்காமல் வேறு யார் தலையில் அரைப்பது?

ஆலவிளாம்பட்டியில் மூளை ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைக்காது. அங்கே கறிக்கடையே இல்லை. பொன்னுரங்கம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு பருவைக்கூட மறைக்கல. என்னா நேர்மை" என்றார். அம்மாக்காரி, மாப்பிள்ளை அடக்கமானவர், முன்னால் வந்து நிற்கக்கூட இல்லை என்றாள். செண்பகவல்லி எட்டிப் பார்த்து, "எதிர்த்துப் பேச வாய்கூட இல்ல. குடும்பம் நடத்தலாம்" என்று சம்மதம் சொல்லிவிட்டாள். மொத்த ஊரில் கொஞ்சமாவது விவரம் இருந்தது அவளுக்குத்தான்.

நல்ல நாளில் வீரபாகு புதுச்சட்டை போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனான். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு, அதில் அந்தப் படத்தைச் சாய்த்து, முன்னால் கேசரியும் பஜ்ஜியும் வைத்திருந்தார்கள்.

"நீங்க யாருங்க?" என்றார் பொன்னுரங்கம்.

"நான்தாங்க மாப்பிள்ளை."

பொன்னுரங்கம் படத்தைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "படத்துல நீங்க இல்லையே."

வீரபாகு குனிந்து பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத ஆள். "இல்லதாங்க" என்று ஒப்புக்கொண்டான். "ஆனா பரு என்னோடதுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் கன்னத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்தார். "பரு அச்சு அசலா ஒத்துப்போகுது. ரத்த சொந்தமாத்தான் இருக்கணும். மாப்பிள்ளைக்கு அண்ணனா நீங்க?"

வீரபாகு யோசித்தான். கூடப் பிறந்தவன் யாரும் இருந்ததாக அவனுக்கு நினைவில்லை. ஆனால் ஆதாரம் எதிரே நாற்காலியில் இருக்கிறது. தவிர, அண்ணன் இல்லை என்று சொல்லி ஒரு நல்ல இடத்தைக் கெடுத்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

"ஆமாங்க" என்றான். மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் அவனே முன்னால் உட்கார்ந்து தட்டை மாற்றினான். பஜ்ஜியைப் படம் தொடாததால் அதையும் அவனே சாப்பிட்டான். கல்யாணத்துக்கு முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஸ்டூடியோவுக்கு வந்தான். தாம்பூலத்தில் வந்த வாழைப்பழத்தை மூவருக்கும் கொடுத்தான்.

"என்னாச்சு?" என்றான் மாசிலாமணி.

"தம்பிக்கு நல்லபடியா முடிஞ்சுதுண்ணே."

"மூத்தவன் நீங்க இருக்கும்போது எப்படி இளையவனுக்கு?"

"விட்டுக்குடுத்துட்டேன்" என்றான் வீரபாகு. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீலத் திரை முன்னால் போய் உட்கார்ந்தான். "இனிமே எனக்குத்தான் பாக்கணும். தம்பிக்கு எடுத்தீங்களே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு எடுங்க."