கிடைக்குள் வந்த சிறுத்தை

அவசரத் தீர்ப்புக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்காமல் இருப்பதே நல்லது. ஆட்டைப் பறிகொடுத்தவள் அழுதாள் என்றதும் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அப்புறம் முடிச்சு அவிழாது.

கன்னிமார் மலை அடிவாரத்தில் ஓடைக்கரை என்றொரு ஊர். ஊருக்கும் காட்டுக்கும் நடுவே, சுண்ணாம்புப் பட்டை பூசிய எல்லைக்கற்களை நட்டிருந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் சிறுத்தை ஆட்டை அடித்தால் அது அதன் இரை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட வேண்டும். கல்லுக்கு இந்தப் பக்கம், ஆட்டுக் கிடையின் மூங்கில் படலைத் தாண்டி வந்து அடித்தால், அடித்த சிறுத்தையைக் கொல்லலாம். அதையும் ஊர் வேட்டைக்காரன் மாசாணன்தான் கொல்ல வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை மீறி ஒரு சிறுத்தை செத்தால், அந்தச் சாவு யார் தலையில் விழுகிறதோ அவர் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்.

வெள்ளத்தாய் அந்த ஊரில் கிடை போட்டுப் பிழைத்தவள். புருஷன் போனபின் அவளுக்கென்று மிஞ்சியது நாற்பது செம்மறிகளும், அவை மேய ஊர் விட்டுக்கொடுத்த புல்வெளியும்தான். பகலில் மேய்த்த ஆடுகளை இரவில் யாராவது ஒருவர் வயலில் மூங்கில் படலுக்குள் அடைப்பாள். புழுக்கை மண்ணுக்கு உரமாகும். தினமும் சாயங்காலம் படலைப் பெயர்த்துப் பக்கத்து இடத்துக்கு நகர்த்த வேண்டும். உழுத மண்ணில் ஒரு சாண் விட்டாலும் கிடைக்காரிக்குத் தலைகுனிவு. பயிர் வளரும்போது அந்தத் துண்டு மட்டும் சோனியாய் நின்று அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த மாசி மாதம் உழுது பிழைக்கும் சென்றாயன் என்ற சம்சாரியின் கடைசி வயலில் கிடை. ஐந்தாம் நாள் சாயங்காலம் படலை நகர்த்தியபோது அவள் கால் ஒரு கல்லில் இடித்தது. உழவுசாலில் சாய்ந்து கிடந்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் சுண்ணாம்புப் பட்டை. சென்றாயன் எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காட்டுக்குள் ஒரு கிடை அகலத்துக்கு உழுதிருக்கிறான்!

அவளுக்குப் பகீரென்றது. ஆனால் உழுத மண் கண்ணெதிரே கிடக்கிறதே, விட முடியுமா? "அவர் உழுதிருக்கார், அவர் பாடு. நமக்கென்ன வந்தது" என்று முணுமுணுத்தபடி அந்தத் துண்டிலேயே கிடையைப் போட்டாள். காற்றுக்குப் படல் சாயாமல் இருக்க, அந்தக் கல்லையே உருட்டி அதன் அடியில் முட்டுக் கொடுத்தாள்.

விடிந்து பார்த்தால் ஏழு ஆடுகள் கழுத்து கிழிந்து கிடந்தன. அதில் இரண்டு சினை ஆடுகள். வெள்ளத்தாய் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் ஊரே கூடிவிட்டது.

மாசாணன் வந்தான். கால்தடத்தைப் பார்த்தான், படலைப் பார்த்தான். எல்லைக்கல் எங்கே நின்றது என்று குத்துமதிப்பாக நடந்து தேடியும் பார்த்தான்.

"இங்க எங்கயோ ஒரு கல்லு இருக்கணுமே தாயி. நீ பார்த்தியா?"

மடியில் செத்த ஆட்டின் தலை. அவள் நிமிரவில்லை.

"கல்லு எங்க போச்சோ, எனக்கென்னண்ணே தெரியும். என் ஆட்டைப் பாருங்க. அந்தச் சிறுத்தையைக் கொன்னாத்தான் எனக்கு ஆறும்."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மிச்ச இரைக்குத் திரும்பி வந்த சிறுத்தையை ஒரே குண்டில் சாய்த்தான். புரட்டிப் பார்த்தபோது அதன் மடியில் பால் கட்டியிருந்தது. மூன்றாம் நாள், தேனெடுக்கப் போனவர்கள் பாறை இடுக்கில் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்ததைச் சொன்னார்கள்.

ஊர் நாட்டாமைக்கு மனசு கேட்கவில்லை. தானே வயலுக்கு வந்து கற்களை எண்ணினார். ஒன்று குறைந்தது. சுற்றிச் சுற்றி வந்தவர் படலைத் தூக்கிப் பார்த்தார், கல் இருந்தது. மூவரையும் அங்கேயே நிறுத்தி வைத்துக் கேட்டார்.

சென்றாயன் சொன்னான்: "உழுதது தப்புதான். ஆனா சிறுத்தையைச் சுடுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே."

மாசாணன் சொன்னான்: "சுட்டது நான்தான். கல்லைத் தேடினேன், கிடைக்கலை. கேட்டேன், தெரியாதுன்னாங்க."

வெள்ளத்தாயோ, "ஏழு உசுரைப் பறிகொடுத்தவ நான். என்னையும் இவங்களோட நிக்க வைக்கிறீங்களே" என்றாள்.

எல்லை தாண்டி உழுதவன் ஒருவன். சுட்டவன் ஒருவன். ஆட்டை இழந்தவள் ஒருத்தி. காட்டுக்குள்ளேயே இருந்த அந்தச் சிறுத்தையின் சாவு இவர்களில் யார் தலையில் விழுகிறது? யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: சென்றாயனுக்குக் கல் இருந்த இடம் தெரியும், ஆனால் அவன் கொல்லச் சொல்லவில்லை. மாசாணன் கொன்றான், ஆனால் கல் இருந்த இடம் அவனுக்குத் தெரியாது. நிற்பது காட்டு மண் என்று தெரிந்திருந்தும் கொல்லச் சொன்னது வெள்ளத்தாய் ஒருத்திதான். அவன் கேட்டபோது ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் துப்பாக்கி வெடித்திருக்காது. நாட்டாமை வாய் திறக்கும் முன்பே அவள், "எனக்குத் தெரியும்ங்க. அப்ப என் கண்ணுக்கு ஆடு மட்டும்தான் தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் முப்பத்து மூன்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனாள். சென்றாயன் உழுத துண்டைக் காட்டுக்கே விட்டுவிட்டு ஊரிலேயே இருந்தான். விடை சரிதான், ஒரு இம்மி பிசகில்லை. ஆனாலும் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.