நடுத்தரத்தோடு நாலு

"டீச்சர், இந்த பிரவுசர் என்னை ஏமாத்துது," என்றார் மாசிலாமணி.

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் தமயந்தி டீச்சருக்கு அவர் மகள் வயசுதான். இடுப்பில் பிள்ளை.

"என்ன கேட்டீங்க அண்ணே?"

"எழுத்து என்ன அளவுன்னு ஜாவாஸ்கிரிப்ட்ல கோட் எழுதிக் கேட்டேன். இங்க இருக்கிற பிரவுசர் பதினாறு பிக்சல்னு சொல்லுது. வீட்ல இருக்கிற பழசு நடுத்தரம்னு சொல்லுது."

"சரி."

"பட்டனை அழுத்தினா அந்த அளவோட நாலு கூடணும். நடுத்தரத்தோட நாலைக் கூட்டினா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது."

"அதான் வருது."

டீச்சர் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் செய்துகொண்டிருந்த அந்த வலைப்பக்கம் அவர் மனைவி கிருபைக்கு. அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. வேலைக்குப் போகுமுன் அவளுக்குச் சொல்லவேண்டியதை அதில் எழுதி வைப்பார். பெரும்பாலும் ஒரே சேதிதான்.

டீச்சர் பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்தாள். பக்கத்துக்குள்ளே, யார் கண்ணிலும் படாத ஓரத்தில், ஒரு எழுத்தை வைத்தாள். அதன் உயரத்தை அளந்தாள். அளந்ததும் எழுத்தை எடுத்துவிட்டாள்.

"பழசுலயும் இப்ப எண்ணுதான் வரும்."

"அதுகிட்ட ஒண்ணும் கேட்கவே இல்லையே டீச்சர்?"

"கேட்டா, அதது சொல்ல வந்ததைத்தான் சொல்லும்."

மறுநாள் வந்தார்.

"வீட்லயும் எழுத்து பெருசாச்சு டீச்சர்."

"அக்காவுக்குத் தெரியுதா?"

"தெரியுதாம்."

"எப்படிக் கண்டீங்க?"

"கேட்டேன்."

டீச்சர் அவரையே பார்த்தாள். பிறகு பிள்ளைக்கு மூக்குத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

மாசிலாமணி அங்கே உட்காரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வலைப்பக்கத்தில் எழுதியிருந்ததை எல்லாம் அழித்தார். ஒரே ஒரு 'அ' மட்டும் வைத்தார். பட்டனை அழுத்தி அழுத்தி, திரை கொள்ளுமட்டும் அதைப் பெரிதாக்கினார்.

"கிருபை, இன்னைக்கு எழுதினதை வாசி."

கிருபை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தாள்.

"மாத்திரை சாப்பிடு. அடுப்புப் பக்கம் போகாதே. சாயந்தரம் வந்துடுவேன்."

தட்டுத் தடுமாறாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு, அவர் நிற்காத பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"எழுத்து இப்ப நல்லா பெருசா தெரியுதுங்க."