பானையில் போடாத உப்பு

உப்பா? அது பானையில இருக்காது. பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணத்துல வச்சிருப்பாங்க, அவங்கவங்க பாத்துப் போட்டுக்கணும். சிக்கசா ஜனங்க விசேஷத்துக்குப் போயிட்டு, முதல் வாய் வச்சதும் மறந்துட்டாங்களோன்னு முழிக்கறது நீங்க மட்டும் இல்ல, வெளியாளுங்க எல்லாருமே அப்படித்தான் முழிப்பாங்க. அமெரிக்கப் பழங்குடி அவங்க, இப்போ ஒக்லஹோமா பக்கம் இருக்காங்க. ஊர்க்கூட்டம் போட்டு, நல்லாப் படிச்ச பிள்ளைங்க, பந்தயத்துல ஜெயிச்சவங்க, தாய்மொழியை விடாமப் பேசறவங்கன்னு ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டு மரியாதை பண்ணுவாங்க. அப்புறம் சாப்பாடு. பஷோஃபான்னு ஒரு கஞ்சி. உடைச்ச மக்காச்சோளத்தைக் கறியோட போட்டு, குழையற வரைக்கும் வேகவச்சது. அத்தனை பேரையும் வாய் நிறையப் புகழ்ந்துட்டு, உப்பில்லாத கஞ்சியை ஊத்துவாங்க.

அதுக்கு ஒரு கதை இருக்கு. கதைதான், சாட்சிக்கு ஆள் கிடையாது.

அந்தக் காலத்துல மிருகங்க எல்லாம் பேசிக்கிட்டிருந்துச்சு. மான் அளவாப் பேசும், ஆமை யோசிச்சுப் பேசும், வான்கோழி யாரும் கேக்காமலே பேசும். சிக்கசா ஜனங்க அப்போ ஒரு பெரிய ஆத்துக்குக் கிழக்கால, காட்டை ஒட்டி இருந்தாங்க. அந்த ஊர்ல நஷோபான்னு ஒரு வேட்டைக்காரன். நஷோபான்னா ஓநாய். பேருக்குத்தான் ஓநாய், ஆள் சாது. அவனுக்கு ஒரே தங்கச்சி, ஹாஷி. அவளுக்கு ஒரே பொண்ணு, ஃபாலா. ஃபாலான்னா காக்கா. பொழுது விடிஞ்சா கத்த ஆரம்பிக்கும், அடையறப்பதான் நிறுத்தும். அதனால அந்தப் பேரு.

அங்க பிள்ளைக்குப் பொறுப்பு அப்பன் இல்ல, தாய்மாமன். நம்ம பக்கம் மாமன் மடியில உக்கார வச்சுக் காது குத்திட்டாப் பாதி கடமை முடிஞ்சுது. அவங்களுக்கு அங்கதான் ஆரம்பம். குலமே அம்மா வழியிலதான் வரும். ஃபாலா போனா, ஹாஷியோட வீடு அதோட நின்னுபோச்சு. இது நஷோபாவுக்குத் தெரியும்.

ஊருக்கு வடக்கே ஒரு உவர் ஊத்து. சுத்தியும் மண்ணு வெள்ளையாப் பூத்துக் கிடக்கும். ஜனங்க அந்தத் தண்ணியைக் காய்ச்சி உப்பு எடுப்பாங்க, மானுங்க வந்து மண்ணை நக்கும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பேச்சு இருந்துச்சு. காட்டுக்குள்ள நீ விரட்டு, நான் ஓடறேன், நீ ஜெயிச்சா உனக்குக் கறி. அதுல வருத்தம் இல்ல. ஆனா ஊத்துக்கரைக்கு வில்லு வரக்கூடாது. அந்த மண்ணுல ரத்தம் சிந்தினா, சிந்தினவன் நாக்கை விட்டு உப்பு போயிடும்னு ஒரு பேச்சும் இருந்துச்சு. யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல.

அந்தக் கரையிலதான் நஷோபாவுக்கு ஒரு சிநேகிதம். பெரிய கொம்பு வச்ச மானு ஒண்ணு. இவன் அதைக் கொம்பரேன்னு கூப்பிடுவான், அது இவனை ஓநாயாரேன்னு கூப்பிடும்.

"நேத்து காட்டுல உங்க அம்பு ஒண்ணு எனக்குப் பின்னால வந்துச்சு ஓநாயாரே. ரொம்பப் பின்னால."

"காத்து அடிச்சுது கொம்பரே."

"ஆமா ஆமா. உங்க கூட வர்ற காத்துதானே, எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்கும்."

இப்படியே பேசிக்கிட்டு, அது மண்ணை நக்கும், இவன் உப்பு காய்ச்சுவான். அது சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து ஃபாலாகிட்ட சொல்லணும். சொல்லலேன்னா விடாது. "கொம்பர் இன்னிக்கு என்ன சொன்னாரு மாமா?"

ஒரு குளிர்காலத்துல அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுச்சு. முதல்ல விளையாட்டு நின்னுச்சு, அப்புறம் சாப்பாடு நின்னுச்சு, கடைசியா சத்தம் நின்னுச்சு. காக்கா கத்தாத வீட்டுல ஹாஷிக்கு உக்கார முடியல, நிக்க முடியல.

வைத்தியர் வந்து பாத்தாரு. "ஊரைக் கூட்டுங்க, பஷோஃபா வைக்கணும்"னாரு.

பஷோஃபான்னா வெறும் கஞ்சி இல்ல. வீட்டு வாசலுக்கு எதிர்ல தீ மூட்டி, மொத்த ஊரும் வெளியில நின்னு ஆடும். உள்ள சீக்காளி படுத்திருக்கும். தீக்கும் வாசலுக்கும் நடுவுல ஒருத்தரும் குறுக்க போகக்கூடாது. கஞ்சி இறக்கினதும் முதல் கரண்டி சீக்காளிக்கு, அப்புறம்தான் ஊருக்கு. ஒரே பானை, ரெண்டாவது பானை கிடையாது. ஊரோட சாப்பாடு உள்ள இறங்கினா நோய் வெளியில போகும்னு நம்பிக்கை.

"கறி?"ன்னு கேட்டான் நஷோபா.

"மான்கறி. ஆனா ஓடிக் களைச்ச மான் ஆகாது. பயந்து செத்த மான் கறியில பயம் இருக்கும், அதைக் காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. நின்ன நிலையில, பயமில்லாம விழுந்த மானாப் பாரு. நாளைக்கு மதியத்துக்குள்ள பானை ஏறணும்."

வைத்தியருக்குச் சொல்றது சுலபம். வில்லைப் பாத்தும் பயப்படாம நிக்கற மான் எந்தக் காட்டுல இருக்கு? நஷோபா அன்னிக்குப் பகல் பூராவும் அலைஞ்சான். ஒளிஞ்சு நின்னான், காத்துக்கு எதிர்ல போனான், வயித்தால ஊர்ந்தான். எல்லா மானும் ஓடிச்சு. ஓடறதுதானே அதுங்க வேலை.

மறுநாள் காலையில கம்பளிக்குள்ள வில்லை வச்சுக்கிட்டு ஊத்துக்கரைக்குப் போனான். வேற எங்க போவான்.

கொம்பர் முன்னாலயே வந்து நின்னுச்சு. இவன் முகத்தைப் பாத்ததும் கிண்டலை விட்டுடுச்சு.

"பிள்ளை எப்படி இருக்கு?"

"பேசல."

"நம்ம காக்காவா?"

"ஆமா."

கொம்பர் ரெண்டு அடி கிட்ட வந்துச்சு. "எங்க கூட்டத்துலயும் போன குளிருக்கு ரெண்டு குட்டி போச்சு"ன்னுச்சு. "பக்கத்துல படுத்துக்கிட்டு மூச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான் நம்மால முடியும். நீங்க ராத்திரி தூங்கலைன்னு நினைக்கிறேன். உக்காருங்க."

சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சு மண்ணை நக்க ஆரம்பிச்சுது. பயம்னு ஒண்ணு அதோட உடம்புல எங்கயும் இல்ல. நஷோபா அன்னிக்கு விட்ட அம்பு பின்னால போகல.

மானு முன்னங்காலை மடிச்சு விழுந்துச்சு. வெள்ளை மண்ணு சிவந்துச்சு. அது இவனைப் பாத்து, கோபமா இல்ல, புரியாம கேக்கற மாதிரி கேட்டுச்சு:

"கேட்டிருக்கலாமே ஓநாயாரே. காட்டுக்குள்ள ஒரு மரத்தடியில வந்து நின்னிருப்பேனே."

நஷோபா கிட்ட போறதுக்குள்ள அது கண்ணு மூடிடுச்சு.

ஊரு கூடியிருந்துச்சு. இவன் மானைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்ததும் வழி விட்டாங்க. வைத்தியர் கறியைத் தொட்டுப் பாத்து, "இதுதான். இதுல பயம் இல்ல"ன்னாரு. பெரியவர் ஒருத்தர் இவன் முதுகைத் தட்டினாரு. "உன் பேரை வர்ற கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லணும்டா"ன்னாரு. நஷோபா தலையை ஆட்டினான்.

பானை ஏறிச்சு. ஆட்டம் ஆரம்பிச்சுது. பொண்ணுங்க கால்ல கட்டின ஆமை ஓட்டுச் சலங்கை கலகலன்னு சத்தம் போட, ஆம்பளைங்க பாட, வாசலுக்கும் தீக்கும் நடுவுல மட்டும் வெறும் தரை. ஹாஷி பானையை விட்டு நகரல. சோளம் குழைஞ்சு வந்ததும் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கிண்டினா.

அப்போ அவங்ககிட்ட ஒரு முறை இருந்துச்சு. கறி கொண்டுவந்தவன்தான் உப்பு பாக்கணும். சமைக்கறவ கூட வாயில வைக்க மாட்டா. அவன் சரின்னு சொன்னா சரி.

"அண்ணே, உப்பு பாரு."

நஷோபா கரண்டியை வாங்கி நாக்குல விட்டான். சோளம் தெரிஞ்சுது, கறி தெரிஞ்சுது. "நீ இன்னும் போடலையா?"ன்னான்.

"போட்டேனே. பத்தலையா?" இன்னொரு பிடி போட்டா. கிண்டினா. "இப்போ?"

"இல்லையே, ஹாஷி."

"ராத்திரி பூரா முழிச்சதுல எனக்குக் கை நிதானம் போச்சு போல." மறுபடி ஒரு பிடி, கொஞ்சம் தாராளமாவே. "இப்பப் பாரு."

மூணாவது கரண்டி நாக்குல பட்டப்பதான் அவனுக்கு உறைச்சுது. உப்பு பானையில இல்லாம இல்ல, தன் நாக்குலதான் இல்ல.

சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியல, வேற யாரையாவது பாக்கச் சொல்லுன்னு ஒரு வார்த்தை போதும். ஆனா அந்த வார்த்தையைச் சொன்னா, மானை எங்க அடிச்சான்னு ஊருக்கே தெரிஞ்சுடும். பெரியவர் பாத்துக்கிட்டிருந்தாரு. வைத்தியர் பாத்துக்கிட்டிருந்தாரு. தங்கச்சி இவன் வாயையே பாத்துக்கிட்டு நின்னா.

"சரியா இருக்கு"ன்னான் நஷோபா.

முதல் கரண்டியை ஹாஷி சுரை ஓட்டுல ஊத்தி, ஆத்தி, உள்ள கொண்டு போனா. இவனும் பின்னாலயே போனான். பிள்ளை கண்ணைத் திறந்துச்சு. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வாயையும் திறந்துச்சு. சாப்பிட இல்ல, கேக்க.

"மாமா... கொம்பர் என்ன சொன்னாரு?"

"சாப்பிடு, அப்புறம் சொல்றேன்."

ஹாஷி ஒரு வாய் ஊட்டினா. பிள்ளை முழுங்கப் பாத்துச்சு. முகம் சுருங்குச்சு. வெந்து வெடிச்ச உதட்டுல அந்த உப்பு பட்டு எரிஞ்சிருக்கும். இருமி எல்லாத்தையும் வெளியே தள்ளிடுச்சு. "இன்னொரு வாய், என் தங்கமே"ன்னு ஹாஷி மறுபடி கொடுத்தா. மறுபடியும் அதேதான். மூணாவது தடவை உதட்டை இறுக்கி மூடிக்கிச்சு. வெளியில சலங்கைச் சத்தம் நிக்காம கேட்டுக்கிட்டே இருந்துச்சு. உள்ள நடக்கறது அவங்களுக்குத் தெரியாது.

பொழுது சாயறப்ப ஃபாலா போயிடுச்சு.

அவங்க வழக்கப்படி வீட்டுக்குள்ளயே, தரைக்கு அடியில பிள்ளையைப் புதைச்சாங்க. பிள்ளை சாப்பிடாத கஞ்சியை ஊரும் தொடல. ஊர்க்காரங்க எல்லாம் போன பிற்பாடு ஹாஷி பானைகிட்ட வந்தா. ஆறிப்போன கஞ்சியை விரல்ல தொட்டு நாக்குல வச்சா. துப்பல. முழுங்கினா.

"அண்ணே, இதை நீ வாயில வச்சே இல்ல?"

"வச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"எப்படியும் இல்ல."

அந்த ஊர்ல பொறந்தவதானே, அவளுக்கும் அந்தப் பேச்சு தெரியும். "எங்க அடிச்சே?"ன்னு அவ கேக்கல. பானையைத் தூக்கிட்டுப் போய்க் காட்டோரமாக் கவுத்துட்டு, கழுவி வச்சா. அதுக்கப்புறம் அவ அண்ணன்கிட்ட பேசறதே இல்ல. சாப்பாடு வைப்பா, விறகு கேட்டாக் கையைக் காட்டுவா. ரெண்டு பேரும் அந்தத் தரை மேலதான் படுத்தாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு ஊர்க்கூட்டம் வந்துச்சு. பெரியவர் சொன்ன சொல்லை மறக்கல. பிள்ளைக்காக நல்ல மான் கொண்டுவந்த மாமன்னு இவன் பேரைச் சொன்னாரு. பிழைக்காததுக்கு அவன் என்ன பண்ணுவான், அவன் கடமையை அவன் செஞ்சான்னாரு. எல்லாரும் ஆமான்னாங்க. நஷோபா எழுந்து நின்னு, மறுபடி உக்காந்தான். ஹாஷி கூட்டத்துல இருந்தா. நிமிந்து பாக்கல.

குளிர் போச்சு. பக்கத்து வீட்டுப் பொம்பளை ஒருத்தி பிள்ளை பெத்துட்டு எழுந்திருக்காமக் கிடந்தா. மறுபடியும் பஷோஃபா. சமைக்க ஹாஷியைத்தான் கூப்பிட்டாங்க. வேண்டாம்னு சொல்லுவாளோன்னு நினைச்சாங்க, வந்தா. சோளம் குழைஞ்சு வந்தப்போ பக்கத்துல நின்னவ உப்பை அள்ளினா. ஹாஷி அவ கையைப் பிடிச்சுக்கிட்டா.

"பானையில வேண்டாம்."

"பின்ன உப்பில்லாம எப்படிடி?"

"இலையில தனியா வச்சுடு. அவங்கவங்க நாக்கு அவங்கவங்களுக்குத் தெரியும். இனிமே ஒருத்தரையும் கூப்பிட்டு உப்பு பாருன்னு கேக்காதீங்க. அதைச் சொல்ற பாரம் யாருக்கும் வேண்டாம்."

அந்தக் கஞ்சி வெந்துக்கிட்டிருந்த நேரத்துல நஷோபா ஊத்துக்கரையில இருந்தான். தினமும் போவான், வில்லு இல்லாம, உப்பு காய்ச்சவும் இல்லாம. கொம்பருக்கு அப்புறம் எந்த மானும் மனுஷன்கிட்ட பேசினதில்ல. ஆனா அன்னிக்கு ஒரு இளம் மானு எதிர்க்கரையில வந்து நின்னு, தலையைத் தூக்கி இவனையே பாத்துச்சு. ஓடல.

"நீ அவரோட பிள்ளையா?"ன்னு கேட்டான்.

மானு பாத்துக்கிட்டே நின்னுச்சு.

"நான் அன்னிக்குக் கேக்கல. கேக்கணும்னே தோணல. எனக்கு..." மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நிறுத்தினான். மானோட வாய் லேசாத் திறந்துச்சு. காது ரெண்டும் முன்னால வந்துச்சு.

"அண்ணே."

பாதை முனையில ஹாஷி நின்னுக்கிட்டிருந்தா. பானையைக் கவுத்த நாளுக்கு அப்புறம் அவன்கிட்ட அவ பேசின முதல் வார்த்தை.

"சாப்பிட வா. ஆறிடும்."

நஷோபா மானைப் பாத்தான். இன்னும் ஒரு நிமிஷம் உக்காந்திருந்தா அது என்ன சொல்லியிருக்குமோ. எழுந்தான், துணியில ஒட்டின மண்ணைத் தட்டினான், தங்கச்சி பின்னால நடந்தான்.

அதிலிருந்துதான் மானு மனுஷனைக் கண்டா, சொல்ல வந்ததை வாயிலயே வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு அப்புறம் ஓடுது. பஷோஃபாவும் உப்பில்லாமதான் வேகுது.