வலது ஓடத்தின் தலைவன்

கடற்படையில் எயினன் செலுத்திய கலம் இரட்டை உடல் கொண்டது. இரண்டு நீண்ட ஓடங்களைக் குறுக்கு மரங்களில் கயிற்றால் பிணைத்து, மேலே தளம் போட்டிருந்தார்கள். அலையில் அதிகம் ஆடாது, ஏற்றிப் போகும் குதிரைகள் மிரளா என்று அரசர் அப்படிக் கட்டச் சொல்லியிருந்தார். இடது ஓடத்துக்கு எயினன் தலைவன். வலது ஓடத்துக்கு நக்கன்.

போர் முடிந்து திரும்பும் வழியில் கலம் புயலில் சிக்கியது.

கரை சேர்ந்த பிறகு எயினன் துறைமுகத்தை ஒட்டிய மடத்துக்கு வந்தான். அங்கிருந்த அடிகள் அவனைவிட இளையவர். ஆனாலும் பல ஆண்டுகளாக அவரிடம்தான் அவன் பாடம் கேட்டுவந்தான். அன்று உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"வலது ஓடம் பாறையில் மோதிவிட்டது, சுவாமி. நீர் ஏறி எங்களையும் சேர்த்து இழுத்தது. கோடரியை எடுத்து நானே கட்டுகளை வெட்டினேன்."

"வெட்டாவிட்டால்?"

"எல்லாரும் போயிருப்போம். ஆனால் இந்தப் பக்கம் தாவி வாருங்கள் என்று அவர்களுக்கு ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை."

அடிகள் திண்ணையைக் காட்டினார்; எயினன் உட்காரவில்லை.

"அவர்களில் நக்கன் ஒருவன்தான் பிழைத்தான். மீனவர்கள் தூக்கி வந்தார்கள். படைத்தலைவர் விசாரித்தபோது, கட்டு தானாக அறுந்தது என்று சொல்லிவிட்டான். நான் கோடரியோடு நின்றதை அவன் பார்த்தவன், சுவாமி."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஆமாம் என்றேன்." எயினன் தலை குனிந்தான். "பாதிக் கலத்தைக் காத்தவன் என்று எனக்குப் பட்டம் கட்டினார்கள். கட்டிக்கொண்டேன்."

பிறகு அவனே கேட்டான்.

"அவன் ஏன் அப்படிச் சொன்னான்?"

"அவரைக் கேட்டீரா?"

"எந்த முகத்தோடு கேட்பேன்? எங்கே இருக்கிறான் என்றுகூட விசாரிக்கவில்லை."

அடிகள் எழுந்து அடுக்களைக்குள் போனார். கஞ்சிக் கலயத்தோடு திரும்பி வந்து, அதை எயினன் கையில் கொடுத்தார்.

"பின்கட்டில் படுத்திருக்கிறார். பலகையைப் பிடித்துக்கொண்டே கடலில் கிடந்ததில் உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. யாராவது ஊட்டிவிட வேண்டும்."

எயினன் சட்டெனப் பின்கட்டுப் பக்கம் திரும்பினான். கஞ்சி தளும்பி விரல்மேல் வழிந்தது.

"என்னைக் கண்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், சுவாமி?"

"காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. போம்."